சிற்றுருவப் படைகள்: வர்ணந் தீட்டலும் உருமாற்றலும்

‘விளையாட்டு’ என்னுஞ் சொல்லை நாம் பெரும்பாலும் இழிவுப் பொருளிலேயே வழங்கி வருகின்றோம். ‘அவனுக்கு எல்லாம் விளையாட்டு’ என்று ஒருவனைப் பற்றிக் கூறினால், அவன் எதனையும் பொருட்படுத்தாதவன் என்பதே கருத்தாகும். ஆயினும், விளையாட்டில் உண்மையாக ஈடுபட்டவனைப் போல ஒரு சிறு பொருளைப் பெரிதாக மதிப்பவன் வேறொருவன் உளனோ என்பது ஐயமே. இவ்வெண்ணம் எமக்கு உண்டாவதற்குக் காரணமாயிருந்தது ஒரு தகரப்பெட்டி.

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், ஆசிரியர் அறையில் எம்மைக் காண வந்தபோது அப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே மெத்தென்ற படுக்கையில் இருபது போர்வீரர் கிடந்தனர். ஒவ்வொருவரும் சுட்டுவிரலின் ஈற்றுக் கணுவிலும் சற்றே உயரமானவர். செந்நிறச் சட்டையும் சாம்பல்நிறக் காற்சட்டையும் அணிந்து, துப்பாக்கியைத் தோளிற் சார்த்தி நின்றனர். ஒருவன் களைத்துத் தலை குனிந்திருந்தான். இன்னொருவன் முழங்காலிற் கட்டுத்துணி சுற்றியிருந்தது. மூன்றாமவன் பின்னே வருபவனைத் திரும்பி நோக்கினான். “வாங்கும்போது இவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சாம்பல்நிற உருவங்கள், சேர். வெட்டி ஒட்டி வர்ணந் தீட்டியது நான்தான்” என்றார். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலஞ் சென்றதாம். அருகிலிருந்த கணித ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே, “இருபது பொம்மைக்கு நூற்றிருபது மணித்தியாலம். வேறு வேலை இல்லையோ தம்பி?” என்று கேட்டார். மாணவர் சிரித்தாரேயன்றி மறுமொழி கூறவில்லை. அவ்வினா நியாயமான வினாவே. அதற்கு இயன்ற அளவு விடை காணும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது.

படையைப் பலகைமேல் நடத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சதுரங்கம் என்னும் பெயரே தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையுறுப்பையுங் குறிப்பது. இந்தியாவிலிருந்து பாரசீகஞ் சென்று, அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்த அவ்வாட்டத்தை, 1780ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிறவுன்ஷ்வைக் நகரத்தவரான ஹெல்விக் என்பார் மிக விரித்து, மலையும் ஆறும் ஊரும் உடைய நிலப்பலகைமேல் ஆடும் போர்விளையாட்டாக ஆக்கினார். அவரும் ஒரு கணித அறிஞர் என்பதை எமது நண்பருக்கு யாம் நினைவூட்டத் தவறவில்லை. பின்னர் பிரஷ்ய நாட்டில் றைஸ்விற்ஸ் என்னும் பிரபு 1812இலும், படையதிகாரியாகிய அவர் மகன் 1824இலும் அதனைச் சதுரக் கட்டங்களிலிருந்து விடுவித்துப் படைப்பயிற்சிக்கு உரியதாக்கினர். எனினும் இவ்வாட்டங்களில் மனிதவுருவம் இல்லை. சிறு கட்டிகளே படைப்பிரிவுகளாக நகர்ந்தன. அவற்றுக்கு முகமும் இல்லை, களைப்பும் இல்லை.

முகத்தைக் கொண்டுவந்தவர் வேறொரு சாரார். ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் ஹில்பேர்ட் என்னும் கைவினைஞர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீயத்தால் நாணயம் போலத் தட்டையான போர்வீரரை வார்த்தார். அதே நகரத்து ஹைன்றிக்சன் என்பார் 1839இல் தொடங்கிய தொழிலகம் இவ்வுருவங்களை ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் என்னும் ஒரே அளவுக்குக் கொணர்ந்தது. அளவு ஒன்றானதும் வெவ்வேறு பெட்டிகளில் வாங்கிய படைகள் ஒரே மேசையில் எதிர்நிற்க முடிந்தது. இஃது அற்பமான செய்தி போலத் தோன்றினும், இக்கலை முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது. 1893இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிற்றன் குடும்பத்தார் வேறொரு வழி கண்டனர். உருகிய ஈயக்கலவையை அச்சில் வார்த்து, வெளிப்புறம் உறைந்தவுடன் உள்ளே உருகியிருந்ததை வெளியே கவிழ்த்துவிட்டனர். உருவம் உட்கூடாயிற்று. எடையும் விலையுங் குறைந்தன. அதுவரை ஜேர்மன் பொம்மைகளே நிறைந்திருந்த சந்தையில் ஆங்கிலப் பொம்மை இடம்பெற்றது.

இவ்விரு நெறிகளையும், அதாவது போர்க்கணிதத்தையும் ஈயப்பொம்மையையும், பொதுமக்கள் அறிய ஒன்றாக்கியவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் அவருடைய நூல் 1913இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ஐரோப்பா பெரும்போரில் இறங்கிற்று. வெல்ஸின் ஆட்டத்தில் வில்விசையால் மரக்கட்டையை எறியும் சிறு பீரங்கி உண்டு. அதன் அடிபட்டு வீழ்ந்த பொம்மையே மாண்ட வீரன். பிற்காலத்தார் பீரங்கியை விடுத்துப் பகடை உருட்டி இழப்பைத் தீர்மானித்தனர். இதற்கு ஆட்டவிதி சார்ந்த காரணங்கள் பல கூறப்படினும், ஆறு மணித்தியாலம் இருந்து வர்ணந் தீட்டிய எவனும் அதனைக் கட்டையால் அடிக்கச் சம்மதியான் என்பதே எமது ஊகம்.

இரண்டாம் உலகப்போரின் பின்னர், 1950களில் கலிபோர்ணியாவில் ஜக் ஸ்குரூபியும், 1960களில் இங்கிலாந்தில் டொனால்ட் பெதர்ஸ்ரோனும் இப்பொழுதுபோக்கைச் சிதறிக்கிடந்த தனியாட்களிடமிருந்து ஓர் இயக்கமாக வளர்த்தனர். பெதர்ஸ்ரோனின் ‘போர்விளையாட்டுகள்’ என்னும் நூல் 1962இல் வெளியாயிற்று. அதற்குச் சற்று முன்னர், 1959இல், எயர்பிக்ஸ் நிறுவனம் ஏறக்குறைய ஓர் அங்குல உயரமுள்ள பிளாஸ்ரிக் வீரரைப் பெட்டி பெட்டியாக மலிவான விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தது. பாடசாலைச் சிறுவனும் கைப்பணத்தால் ஒரு படையணியை வாங்கலாம் என்னும் நிலை அப்போதுதான் உண்டாயிற்று.

இனி, வர்ணம் ஏன் வேண்டும் என்னும் வினாவுக்கு வருவோம். சிவப்புச் சட்டைக்குச் சிவப்பையும் கறுப்புச் சப்பாத்துக்குக் கறுப்பையும் பூசிவிட்டால் வேலை முடிந்ததன்றோ? அவ்வாறு பூசிய உருவத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால், அது மனிதனாகத் தோன்றாது. வர்ணம் பூசிய கட்டியாகவே தோன்றும். அதன் காரணத்தைக் கணித ஆசிரியரே மறுநாள் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இப்போது பெருவழக்காயுள்ள உருவம் 28 மில்லிமீற்றர் உயரமானது. மனிதன் 175 சதமமீற்றர் எனக் கொண்டால், உருவம் மனிதனில் 62.5இல் ஒரு பங்கு. மேசையில் உள்ள உருவத்தை 60 சதமமீற்றர் தொலைவிலிருந்து பார்த்தல், உண்மையான மனிதனை 37.5 மீற்றருக்கு அப்பாலிருந்து பார்த்தலை ஒக்கும். அஃது ஒரு கிரிக்கெற் ஆடுகளத்தின் நீளத்தைப் போல இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. மனிதனுடைய சட்டையில் ஒரு சதமமீற்றர் ஆழமுள்ள மடிப்பு, உருவத்தில் 0.16 மில்லிமீற்றர். நல்ல கண், 60 சதமமீற்றர் தொலைவில் இரு புள்ளிகளை வேறுபிரித்துக் காணத்தக்க எல்லையும் ஏறக்குறைய அதுவே.

எனவே சட்டையின் மடிப்பு கண்ணின் எல்லைக்கோட்டில் நிற்கின்றது. அன்றியும், வெளியிலே ஞாயிறு ஒரு திசையிலிருந்து எறிக்கும். வீட்டினுள்ளோ கூரை, சுவர், யன்னல் என எல்லாத் திசையிலிருந்தும் ஒளி பரந்து வந்து, அம்மெல்லிய மடிப்பின் நிழலைக் கரைத்துவிடும். ஆதலால் நிழல் தானாக விழும் என்று காத்திருத்தல் பயனற்றது. ஓவியன் நிழலைத் தானே தீட்டவேண்டும். ஒளி படும் தோளிலும் முழங்காலிலும் ஒளியையும் தானே தீட்டவேண்டும். சிற்றுரு ஓவியன் சட்டையின் நிறத்தைத் தீட்டுவதிலும் பார்க்க, அச்சட்டையின்மேல் விழுந்திருக்கவேண்டிய வெயிலையே மிகுதியுந் தீட்டுகின்றான் எனலாம். சிற்பியும் இவ்வேமாற்றத்திற் பங்காளியே. தலையையும் கையையும் படைக்கலத்தையும் உள்ள அளவிலும் பெரிதாக்குகின்றான். துப்பாக்கியை உண்மை விகிதத்தில் வார்த்தால், அது வார்க்கும்போதே நிரம்பாது, அல்லது தொட்டவுடன் ஒடியும்.

வேலைமுறை வருமாறு. அச்சின் இரு பாதிகளும் பொருந்துமிடத்தில் மயிரிழை போன்ற ஒரு வரை எழுந்திருக்கும். அதனைக் கத்தியாலும் அரத்தாலும் நீக்கவேண்டும். சோம்பலால் இதை விட்டவன் பின்னர் வருந்துவான். ஏனெனில் நீர்த்த வர்ணம் அவ்வரையிலேயே சென்று தங்கி, கன்னத்தின் குறுக்கே தழும்பு போலக் காட்டும். அடுத்தது அடிப்பூச்சு. வழுவழுப்பான உலோகத்தையும் பிளாஸ்ரிக்கையும் வர்ணம் நேரே பற்றாது. கறுப்பு அடிப்பூச்சு இட்டால் தூரிகை எட்டாத குழிகள் தாமே நிழலாகிவிடும். வெள்ளை இட்டால் மேலே வரும் நிறங்கள் ஒளிரும். சிலர் முழுவதுங் கறுப்பைத் தெளித்து உலர்த்தியபின், தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளையைத் தெளிப்பர். உச்சி வெயிலில் நிற்பவனுக்கு ஒளி எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்பது அப்போதே உருவத்தின்மேல் வரையப்பட்டுவிடும்.

வர்ணத்தைப் புட்டியிலிருந்து எடுத்தவாறே பூசுதல் தொடக்கக்காரர் யாவருஞ் செய்யும் பிழை. உலர்ந்த வர்ணப்படலம் 0.05 மில்லிமீற்றர் தடிப்புடையதாயின், மனிதனின் அளவில் அது 3 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தோற்போர்வை ஆகிவிடும். இரண்டு மூன்று முறை அவ்வாறு பூசினால் மூக்கு மறையும், விரல்கள் ஒன்றாகும். ஆகவே பாற்பதத்துக்கு நீர் கலந்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசல் வேண்டும். முன்னைய தலைமுறையினர் ஹம்ப்ரோல் போன்ற எண்ணெய் வர்ணங்களைக் கையாண்டனர். அவை உலர நெடுநேரமாகும், தூரிகை கழுவத் தேர்ப்பந்தைலம் வேண்டும். இக்காலத்தவர் பெரும்பாலும் நீரிற் கரையும் அக்ரிலிக் வர்ணத்தையே கொள்கின்றனர். அது சில நிமிடங்களில் உலர்ந்தபின் நீருக்குக் கரையாதாகையால், கீழ்ப்பூச்சு கலங்காமல் மேற்பூச்சை இடலாம். தூரிகையைப் பற்றியும் ஒரு சொல். சிறிய உருவத்துக்கு மிகச் சிறிய தூரிகையே வேண்டும் என்று பலர் எண்ணுவர். மிகச் சிறியதில் வர்ணம் உருவத்தைச் சேருமுன்னரே உலர்ந்துவிடும். சைபீரிய மரநாயின் வால்மயிராற் செய்த நடுத்தரத் தூரிகை, வயிற்றில் வர்ணத்தைத் தாங்கி நுனியில் ஊசியாய்க் கூடும். அதுவே நல்லது.

நிழல் இடுதற்கு மிக நீர்த்த கருநிறத்தை உருவம் முழுவதும் படரவிடுவர். மயிர்த்துளைக் கவர்ச்சியால் அது மேடுகளை விட்டு இறங்கி, மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலுஞ் சென்று தங்கும். பள்ளி ஆய்வுகூடத்திற் கண்ட ஒரு விதி இங்கே ஓவியனுக்கு ஊழியஞ் செய்கின்றது. பெரும்படையை விரைவில் முடிக்க விரும்பிய சிலர், தளபாடங்களுக்குப் பூசும் நிறவார்னிஷில் உருவத்தை முழுவதும் தோய்த்து உதறியும் இப்பயனைப் பெற்றனர். காட்சிக்கு அஃது அவ்வளவு அழகன்று. ஆனால் 200 வீரர் வரிசையாய் நிற்கும் மேசையில் குறை கூறுவார் இலர். நிழல் காய்ந்தபின் மேடுகளுக்கு ஒளியேற்றுவர். இங்கே நிறத்தைப் பற்றிய அறிவு வேண்டும். சிவப்புக்கு ஒளியேற்ற வெள்ளையைக் கலந்தால் அஃது இளஞ்சிவப்பாகி, போர்வீரன் திருமணத்துக்குப் போகின்றவன் போலாவான். செம்மஞ்சளையே கலக்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் சிவப்பு அழுக்காகும். அடர்ந்த கபில நிறமே பொருந்தும்.

கண்ணைப் பற்றி இவர்களுக்குள் ஓயாத வழக்கொன்று உண்டு. நம் சிற்பிகள் விக்கிரகத்துக்குக் கண் திறத்தலை ஈற்றிலே, அதற்குரிய கிரியையுடன் செய்வர். இவ்வோவியருட் பலரோ கண்ணையே முதலில் தீட்டுவர். கை தவறினால் சுற்றிலுந் தோல்நிறத்தைப் பூசித் திருத்திவிடலாம் என்பதே காரணம். முதலில் கருங்கபிலக் கோடு, அதனுள் வெள்ளை, வெள்ளையினுள் ஒரு கரும்புள்ளி. நடுவே வைத்தால் வீரன் பேயைக் கண்டவன் போல விழிப்பானாதலால் சற்றே ஒருபுறமாக வைப்பர். வேறு சிலர், 37 மீற்றருக்கு அப்பால் நிற்பவனின் கண்ணில் வெள்ளை தெரியாது, புருவத்தின் கீழ் நிழலிட்டாற் போதும் என்பர். கணக்கு இப்பிந்தியோர் பக்கமே. ஆயினும் கண் தீட்டிய உருவத்தை ஒருமுறை கையிலெடுத்தவர் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

அடுத்து உருமாற்றல். இதன் தேவை வார்ப்புமுறையிலேயே பிறக்கின்றது. உலோக உருவங்கள் வட்டமான இறப்பர் அச்சைச் சுழற்றி, நடுவே உருகிய உலோகத்தை வார்த்துச் செய்யப்படுகின்றன. சுழற்சியின் விசையால் உலோகம் ஒவ்வொரு குழிக்குள்ளும் பாயும். ஓர் அச்சிலிருந்து நூறு உருவங்கள் வந்தால், நூறும் ஒரே மனிதன். அச்சிலிருந்து எளிதிற் கழன்று வரவேண்டியிருப்பதால் கைகால்கள் உடலோடு ஒட்டி, தட்டையான நிலையிலேயே பெரும்பாலும் அமையும். நூறு பேர் ஒரே காலைத் தூக்கி, ஒரே பக்கம் பார்த்து நிற்கும் படையைக் கண்டால், அது படையாகத் தோன்றாது. கண்ணாடி அறையில் நிற்கும் ஒரே ஆளாகவே தோன்றும்.

ஆகவே கழுத்தை அறுத்துத் தலையைச் சற்றே திருப்பி ஒட்டுவர். முழங்கையை அறுத்து மடக்குவர். ஒட்டும்போது வெறும் பசையை நம்புதல் கூடாது. சுப்பர் குளூ போன்ற பசை இழுவிசையைத் தாங்கினும் பக்கவாட்டில் தட்டுப்பட்டால் முறிந்துவிடும். எனவே இரு பகுதியிலும் கைத்துளைப்பானால் ஒரு மில்லிமீற்றர்த் துளையிட்டு, இடையே கம்பித்துண்டைச் செருகி ஒட்டுவர். எலும்பு முறிவுக்கு வைத்தியர் செய்வதும் இதுவேயன்றோ. எயர்பிக்ஸ் வீரர் மென்மையான பொலித்தீனால் ஆனவராகையால் பசையும் வர்ணமும் அவரைப் பற்றா. ஈட்டி வளைந்தவுடன் அதன் வர்ணம் செதிள் செதிளாக உதிரும். அக்காலத்தார் சவர்க்கார நீரிற் கழுவியும், மரப்பசையை அடிப்பூச்சாகப் பூசியும், சூடேற்றிய ஊசியால் உருக்கிப் பொருத்தியும் அவரோடு போராடினர். கடையில் விற்ற படைகள் சில. ஆடுவோர் விரும்பிய போர்கள் பல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரன், கத்திக்கும் தூரிகைக்கும் பின்னர் 1870ஆம் ஆண்டுப் பிரெஞ்சு வீரனாக எழுந்தான். இன்று கடினமான பொலிஸ்ரைறீன் பிளாஸ்ரிக்கில், தலை, கை, உடல் எனத் தனித்தனியே சட்டகத்திற் கோத்து விற்கின்றனர். அதற்குரிய பசை இரு முகங்களையும் சிறிதே கரைத்து ஒன்றாக உருக்கிவிடும். பழையவர் பட்ட பாடு இன்றைய இளைஞருக்கு இல்லை.

வெட்டிய இடைவெளியை நிரப்பவும், இல்லாத போர்வையையும் தாடியையும் உண்டாக்கவும், தச்சர் மரப்பிளவை அடைக்கும் மக்கைப் போன்ற எப்பொக்சிக் கலவை ஒன்று உண்டு. மஞ்சளும் நீலமுமான இரு பட்டிகளைப் பிசைந்தால் பச்சையாகும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் மெழுகுபோல் வளையும், ஒருநாளிற் கல்லாகும். கருவியை நீரில் நனைக்காவிட்டால் கலவை அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இவ்வேலையிற் கடினமானது வெட்டுதலன்று. வெட்டியபின் உடல் நம்பத்தக்கதாய் நிற்கவேண்டும் என்பதே. ஒரு காலை உயர்த்தினால் இடுப்புச் சாயும். இடுப்புச் சாய்ந்தால் தோள் எதிர்ப்புறஞ் சாயும். தலை மீண்டும் நேர்ப்படும். சமபங்கம், திரிபங்கம் என்று நம் சிற்ப மரபு வகுத்தது இவ்வுண்மையையே. காலை மட்டும் வளைத்து இடுப்பை வளைக்காது விட்டவனின் வீரன், வர்ணம் எவ்வளவு சிறந்ததாயினும், விழப்போகின்றவனாகவே தோன்றுவான்.

இவையெல்லாம் கண்ணை ஏமாற்றும் வழிகள் எனின், ஏமாற்றுவது எதற்காக என்னும் வினா எஞ்சுகின்றது. மாணவரின் பெட்டியில் இருந்தவர் 1815ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் வோட்டர்லூவில் நின்ற பிரித்தானியக் காலாட்படையினர். அப்படையில் ஹல்கெற் என்னும் தளபதியின் கீழ் நின்ற படையணியில் நான்கு றெஜிமென்ற்கள் இருந்தன. சட்டை நால்வருக்குஞ் சிவப்பே. கழுத்துப்பட்டியும் மணிக்கட்டும் மாத்திரம் 30ஆவதற்கு வெளிறிய மஞ்சள், 33ஆவதற்குச் சிவப்பு, 69ஆவதற்கு இளம்பச்சை, 73ஆவதற்குக் கரும்பச்சை. உருவத்தில் அக்கழுத்துப்பட்டி ஒரு மில்லிமீற்றர்தான். அதிற் பச்சையின் அழுத்தம் மாறினால், அங்கே நின்றவன் வேறொருவனாகிவிடுவான். சிவப்பும் ஒன்றன்று. சாதாரண வீரனின் சட்டை மடர் என்னுஞ் செடியின் வேரிலிருந்து எடுத்த மங்கிய செங்கற் சிவப்பு. நம் யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்திற் பெயர்பெற்றிருந்த சாயவேரும் அதே தாவரக் குடும்பத்தது. அதிகாரியின் சட்டை கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து வந்த ஒளிர்சிவப்பு. இருவருக்கும் ஒரே புட்டியிலிருந்து பூசியவன் படையின் ஏற்றத்தாழ்வையே அழித்துவிட்டான். தொப்பியும் அவ்வாறே. 1812இல் முன்புறம் உயர்ந்த புதிய தொப்பி காலாட்படைக்கு வந்தது. இலகுகாலாட் படையினரோ பழைய உருளைத் தொப்பியையே அணிந்தனர். சாதாரண வீரனை 52ஆவது இலகுகாலாட் படையினனாக்க விரும்புவோன், தொப்பியின் முன்தகட்டை அரத்தால் அராவவேண்டும். அவ்வாறு அராவுமுன் அதனைப் படித்திருக்கவேண்டும்.

இத்தகைய சிற்றுருவங்கள் பேரரசின் பெருமக்களையும் கலங்கச் செய்ததுண்டு. வில்லியம் சைபோர்ண் என்னும் பிரித்தானியப் படையதிகாரி 1830இல் வோட்டர்லூப் போர்க்களத்தின் மாதிரி ஒன்றை அமைக்கப் பணிக்கப்பட்டார். அவர் போர் நிகழ்ந்த இடத்திலிருந்த பண்ணையிலேயே மாதக்கணக்காகத் தங்கி நிலத்தை அளந்தார். உயிருடனிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் நீர் எங்கே நின்றீர், எதிரே யார் நின்றார் என்று வினவினார். விடைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அரசாங்கம் பணம் மறுத்தபின்னும் தம் பொருளைச் செலவிட்டுத் தொடர்ந்தார். ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் உயரமான வீரர் 70,000க்கு மேற்பட்டோரை நிறுத்தி, 1838இல் இலண்டனிற் காட்சிக்கு வைத்தார். இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிடைத்த சான்றுகளின்படி அவர் பிரஷ்யப் படையினரைப் பெருந்தொகையாகக் களத்தில் நிறுத்தியிருந்தார். வெற்றி பிரஷ்யரின் துணையாலன்றோ வந்தது என்று காண்போர் எண்ண இடமுண்டாயிற்று. வெலிங்டன் கோமகன் இதனை விரும்பவில்லை. சைபோர்ண் நெடுநாள் உறுதியாய் நின்று, ஈற்றில் இணங்கி, பிரஷ்ய உருவங்களுட் பெரும்பகுதியை அகற்றிவிட்டார். கடன் அவரை இறுதிவரை விடவில்லை. 1849இல் இறந்தார். அம்மாதிரி இன்று இலண்டனிலுள்ள தேசிய இராணுவ நூதனசாலையில் இருக்கின்றது. விரல்நகத்தினுஞ் சிறிய ஈயத்துண்டுகள் எங்கே நிற்கலாம் என்பது ஒரு நாட்டின் தலைமைத் தளபதிக்குப் பொருட்டாயிருந்தது. இதனை நினைக்கும்போது, கழுத்துப்பட்டியின் பச்சைக்காக ஒரு மாலையைச் செலவிட்ட எமது மாணவரைப் பழிக்க எமக்கு மனம் வரவில்லை.

வரலாற்றோடு தொடர்பில்லாத சிற்றுருவங்களும் இன்று மிகுதி. 1975இல் இலண்டனில் தொடங்கிய கேம்ஸ் வேர்க்சொப் நிறுவனம், 1983இல் வெளியிட்ட வோர்ஹாமர் ஆட்டத்தால் பூதமும் குறளியும் மாயாவியும் நிறைந்த படைகளை உலகெங்கும் பரப்பிற்று. 1987இல் அது தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ என்னும் வர்ணந்தீட்டற் போட்டி இன்றும் இத்துறையில் மதிக்கப்படுவது. பூதத்துக்குப் படைச்சீருடை விதி இல்லையாதலால் அங்கே தூரிகைக்குத் தடையில்லை என்று யாம் முதலில் எண்ணினோம். மாணவர் அதனை மறுத்தார். பச்சைத் தோலுடைய பூதத்துக்கும் மூக்கின் நுனியும் காதும் இரத்த ஓட்டத்தாற் சிவக்கவேண்டும், கோடரியின் பாரத்துக்கு முதுகு வளையவேண்டும், இல்லையேல் அது பூதமாகாது, பச்சை பூசிய பொம்மையாகும் என்றார்.

இதிற் கைவைக்க விரும்பும் மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. பழைய உருவங்கள் ஈயம், வெள்ளீயம், அந்திமனி என்பவற்றின் கலவை. ஈயம் நஞ்சு. பிரித்தானியாவில் ஈயப் பொம்மைகளின் உற்பத்தி 1966இல் நின்றது. ஆடுவோர்க்கான வார்ப்புகளிலும் 1990களிலிருந்து ஈயமற்ற வெண்ணுலோகமே பெரும்பாலும் இடம்பெறலாயிற்று. பழைய உருவத்தை அராவினால் தூளை ஈரத்துணியால் துடைத்துக் கைகழுவவேண்டும். நுனி கூட்டுவதற்காகத் தூரிகையை வாயில் வைக்கும் வழக்கம் ஓவியரிடத்து எங்கும் உண்டு. அதனைத் தொடங்காதிருத்தலே நன்று.

தீட்டி முடித்த உருவத்துக்கு முதலில் பளபளப்பான வார்னிஷையும், அது காய்ந்தபின் மங்கலான வார்னிஷையும் பூசுவர். முன்னது வன்மை தரும், பின்னது பளபளப்பை நீக்கும். அப்படியிருந்தும் கைபட்டுக் கைபட்டு, துப்பாக்கியின் நுனியில் உலோகம் முதலில் வெளிப்படும். தீட்டியது மனத்துக்குப் பிடிக்காவிடில், உலோக உருவத்தை இரவு முழுவதும் ஐசோபுறொப்பைல் மதுசாரத்தில் ஊறவைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் அக்ரிலிக் வர்ணம் கழன்றுவிடும். பிளாஸ்ரிக் உருவத்தை மட்டும் அசற்றோனில் இடலாகாது. அது வர்ணத்தோடு வீரனையுங் கரைத்துவிடும்.

மாணவர் திரும்பிச் செல்லுமுன், வர்ணந் தீட்டாத உலோக உருவம் ஒன்றையும் இரண்டு தூரிகைகளையும் ஆசிரியர் அறையில் விட்டுச் சென்றார். யார் எடுத்தார் என்பது சில வாரங்கள்வரை தெரியவில்லை. இப்பொழுது அது கணித ஆசிரியரின் மேசையில், ஒரு தைலப்புட்டியின் மூடிமேல் ஒட்டி நிற்கின்றது. முதன்முறை பூசிய சிவப்பு தடித்துவிட்டதென்று கழுவிவிட்டாராம். இரண்டாவது அடிப்பூச்சு காய்ந்துகொண்டிருக்கின்றது.